அண்ணன் சத்தியம் செய்த வீடு

"எழுதிக் கொடுக்காமலே உங்கப்பா காலமாயிருந்தார்னா, டீச்சர், உங்கம்மாவுக்கு அந்த வீட்டுல மூணுல ஒரு பங்கு தானா வந்திருக்கும். உசிரோட இருந்து எழுதிக் கொடுத்துட்டதால இப்போ ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லை."

ஸ்ரீரங்கத்து வக்கீல் என்னைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். காலமாகியிருக்க வேண்டிய என் அப்பா பக்கத்து நாற்காலியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்ப நான் இருக்குறதுதான் தப்புங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உள்ளே திரும்பிக் காபி கொண்டுவரச் சொன்னார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அன்றைக்கு எனக்கு ஏன் கோபம் வரவில்லை என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. கோபத்துக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டால் வராந்தா முழுக்க அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வருஷம் பல் பிடுங்கிய பிறகு கன்னம் கிடக்குமே, அப்படி மரத்துப்போய்க் கிடந்தேன். நடந்ததெல்லாம் தெரிந்தது. வலிதான் தெரியவில்லை.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்ததையெல்லாம் போட்டு எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீடு கட்டினார். மதுரை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்போது வெறும் முள்ளுக்காடு. "இங்கேருந்து யாரு பூசைக்குப் போறது, நரியா?" என்று அம்மா கேட்டாள். "நரிக்கும் ஞாயித்துக்கிழமை உண்டுடீ" என்றார் அப்பா. கொத்தனார் ஒரு வரிசை செங்கல் வைத்தால் போதும், அப்பா ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். கொத்தனாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஜன்னல் கம்பிகளைத் தானே அறுத்துத் தானே பொருத்தினார். அந்த வீட்டில் ஒரு கதவு கூட இழுத்து அடைக்க வேண்டியிருந்ததில்லை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். முன்னறைச் சுவரில் சேசுவின் திரு இருதயப் படத்தை மாட்டி, பங்குச் சாமியாரை அழைத்து வீட்டை மந்திரித்துத்தான் குடிபோனோம். தினமும் சாயங்காலம் அந்தப் படத்துக்கு முன்னால் ஜெபமாலை நடக்கும். உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முன்பாதியை அப்பா சொல்வார், பின்பாதியை அம்மா சொல்வாள். நாங்கள் பிள்ளைகள் அம்மாவோடு சேர்ந்து முணுமுணுப்போம். சண்டை போட்ட நாளிலும் இது மாறாது. அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாத அம்மா, பின்பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

அண்ணனுக்குத் துறையூர்ப் பக்கத்தில் பெண் பார்த்தார்கள். நல்ல குடும்பம். ஒரே ஒரு விஷயம் கேட்டார்கள்: வீடு பையன் பேரில் இருக்க வேண்டும். அப்பா அன்று சாயங்காலமே சரி என்றுவிட்டார். "எழுதுறதுன்னா நம்ம காலத்துக்கு அப்புறம் போற மாதிரி எழுதுங்களேன்" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "செத்தவன் குடுக்குறது குடுக்குறதா? இருக்கும்போதே குடுத்தாத்தான் குடுத்தது" என்றார் அப்பா. மகளுக்கும் அதில் பங்கு உண்டா என்று யாரும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தில் போட்ட நகையோடு என் பாடு முடிந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. போகட்டும்.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதைப் பற்றிப் பேச வந்த பங்குச் சாமியாரை அப்பா முன்னறையில் உட்கார வைத்தார். அண்ணனைக் கூப்பிட்டார். "சாமி இருக்காரு, சாமியாரும் இருக்காரு. நாளைக்கு வீட்டை உன் பேருக்கு எழுதப் போறேன். நீ ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார். அண்ணன் எழுந்து போய்ப் படத்தின் மேல் கையை வைத்தான். "அப்பாவும் அம்மாவும் கடைசி மூச்சு வரைக்கும் இந்த வீட்லதான் இருப்பாங்க. நான் பாத்துக்குவேன். இது சத்தியம்" என்றான். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டான். அவன் பொய்யாக அழவில்லை. இதை எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் நான் சொல்லத் தயார்.

மறுநாள் பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். பின்னால் மகள் தகராறு செய்தாள் என்று பேச்சு வரக்கூடாதாம், அதற்காக என்னைக் கூட்டிப் போனார்கள். வாசல் மரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் பாதி எழுதி நிறுத்தினார். "ஐயா, ஒரு வரி சேத்துடட்டுங்களா? உங்க ரெண்டு பேரு ஆயுசு வரைக்கும் இதுல குடியிருக்கிற பாத்தியதை உண்டுன்னு? எல்லாரும் போடுறதுதான்."

"வேணாங்க" என்றார் அப்பா. "அது நேத்தே சாமி முன்னால முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு நான் இதுல எழுதினா, நேத்து நடந்ததை நான் நம்பலைன்னு ஆயிடும்."

"அப்படி இல்லீங்க, ஒரு பாதுகாப்புக்கு..."

"சர்வேசுரனுக்கு மேல சப்-ரிஜிஸ்ட்ராரா?"

எல்லோரும் சிரித்தோம். பத்திரம் எழுதுகிறவரும் சிரித்துவிட்டு, அந்த வரி இல்லாமலே எழுதி முடித்தார். திரும்பும் வழியில் அப்பா எங்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதல் சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. அண்ணி கெட்டவள் இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், இடம் போதவில்லை. அப்பா அம்மாவின் கட்டில் உள்ளறையிலிருந்து பின்பக்கத்து ரேழிக்குப் போயிற்று. பிறகு விறகு போட்டு வைக்கிற அறைக்குப் போயிற்று. முன்னறையில் ரேடியோ வந்தது. சாயங்காலம் பிள்ளைகள் பாட்டுக் கேட்கிற நேரமும் ஜெபமாலை நேரமும் ஒன்றாக இருந்ததால், அப்பாவும் அம்மாவும் விறகறையில் படம் இல்லாமலே ஜெபம் சொன்னார்கள். இதில் எதையும் பெரிதாக எடுத்துச் சண்டை போட முடியாது. நான் போய்ப் பார்ப்பேன், பார்த்துவிட்டு வருவேன். "காத்து நல்லா வருது இங்க" என்பார் அப்பா. விறகறைக்கு ஜன்னலே கிடையாது.

பிறகு அண்ணனுக்கு மெட்ராஸுக்கு மாற்றல் ஆயிற்று. ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னான்: "வீட்டை மொத்தமா ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசிட்டேன்ப்பா. அட்வான்ஸ் வாங்கியாச்சு. நீங்க ரெண்டு பேரும் தங்கச்சி வீட்ல இருங்க. நான் மாசாமாசம் பணம் அனுப்பி வெக்கிறேன்."

தங்கச்சி வீடு என்பது மேலப்புதூரில் ஒண்டுக்குடித்தனம். ஒரு ரூமும் அடுப்படியும். அதில் நானும் என் வீட்டுக்காரரும், அவருடைய அம்மாவும், எங்கள் இரண்டு பிள்ளைகளும். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். "வரட்டும், காலை மடக்கிப் படுத்தாப் போச்சு" என்றார். ஆனால் அப்பா வர விரும்பவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. நான் கட்டின சுவத்துக்குள்ள சாகணும். அவ்வளவுதான்" என்றார். அவர் தனக்காக என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதுதான் முதல் தடவை.

அதனால்தான் ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். வக்கீலின் மகள் என் வகுப்பில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். வக்கீல் வீட்டில் காலைத் திருவாராதனம் முடிந்து துளசி வாசனை அடித்தது. அப்பா செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். "உள்ளே வாங்கோ, உக்காருங்கோ" என்று வக்கீல் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

வக்கீல் பத்திரத்தை நிதானமாகப் படித்தார். "நிபந்தனை ஒண்ணுமே இல்லையே. இன்னிலேர்ந்து அவனே சர்வ சுதந்திரமா அனுபவிச்சுக்கலாம், ரத்து பண்ண உங்களுக்கு அதிகாரம் இல்லைன்னும் போட்டிருக்கு. யார் இப்படி எழுதச் சொன்னா?"

"நான்தாங்க."

சத்தியத்தைப் பற்றி அப்பா சொன்னார். சாமியார் சாட்சி இருக்கிறார், கேட்டால் வந்து சொல்வார் என்றார். வக்கீல் தலையை ஆட்டினார். "பதிவான பத்திரத்துக்கு எதிரா வாய்வார்த்தையைக் கோர்ட் ஏத்துக்காது. உங்க சாமியார் வந்து சொன்னாலும் சரி, எங்க பெருமாளே எழுந்தருளிச் சொன்னாலும் சரி."

"வீடு போகட்டும் சார். பெத்தவங்களைக் காப்பாத்தணும்னு சட்டம் எதுவும் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கே. வயசாகி, ஜீவனத்துக்கு வழியில்லாத தாயார் தகப்பனாரைப் பிள்ளைகள் ரட்சிச்சே ஆகணும்னு புதுசா சட்டம் வந்திருக்கு. கோர்ட்டுல கேட்டு வாங்கலாம். ஆனா அது ஹிந்துக்களுக்கு. உங்களவாளுக்கு அப்படி ஒண்ணு போடலை."

அப்பா கொஞ்ச நேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "வயசாகுறது எல்லாருக்கும் ஒண்ணுதானேங்க?"

"ஆமாம்."

"பசிக்கிறதும்?"

"ஆமாம்" என்றார் வக்கீல். அவருக்குச் சங்கடமாக இருந்தது. அதற்குப் பிறகுதான், வேறு என்ன சொல்வது என்று தெரியாமலோ என்னவோ, அந்த மூன்றில் ஒரு பங்குக் கதையைச் சொன்னார். எழுதாமல் செத்திருந்தால் அம்மாவுக்குக் கிடைத்திருக்குமாம். பெற்றவர்கள் செத்தால் எப்படிப் பிரிப்பது என்று எங்கள் சட்டத்தில் வரி வரியாக இருக்கிறது. உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்றுதான் இல்லை.

காபி குடித்து முடித்ததும் வக்கீல் குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார்: "ஒண்ணு பண்ணுங்கோ. அந்த வீட்டை விட்டு எழுந்திருக்காதேங்கோ. பத்திரம் அவன் பேர்ல இருந்துட்டுப் போகட்டும், உள்ள இருக்கறது நீங்கதானே? உங்களை வெளியில அனுப்பணும்னா அவன்தான் கோர்ட்டுக்கு வந்தாகணும். தாயார் தகப்பனாரைக் காலி பண்ணுங்கோன்னு எந்தப் பிள்ளை வந்து கூண்டுல நிப்பான்? நின்னாலும் அது முடிய வருஷக்கணக்காகும். நீங்க உக்காந்துண்டே இருங்கோ, அது போதும்."

வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "உக்காந்தே இருக்கணுமாம்."

"இத்தனை வருஷமா வேற என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்?" என்றாள் அம்மா.

உட்கார்ந்தார்கள். அண்ணி பிள்ளைகளோடு மெட்ராஸுக்குப் போய்விட்டாள். பீரோ, மேஜை, ரேடியோ எல்லாம் லாரியில் போயிற்று. வீடு காலியானதும் அப்பா விறகறையிலிருந்து தன் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில், படத்துக்கு நேர் கீழே போட்டார். பல வருஷங்களுக்குப் பிறகு படத்துக்கு முன்னால் ஜெபமாலை நடந்தது. காலி வீட்டில் இருவர் குரலும் கணீரென்று கேட்டது. ஸ்கூல் விட்டதும் சில நாள் நானும் போய்க் கலந்துகொள்வேன். அந்தக் கொஞ்ச நாட்களில் அப்பாவுக்கு முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

வாடகைக்கு வருகிறவர்கள் நெருக்கியதால் அண்ணன் மெட்ராஸிலிருந்து வந்தான். அன்று நானும் அங்கே இருந்தேன். அவன் கத்தினால் என்ன சொல்வது, கையை ஓங்கினால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் தயாராக நிலைப்படியில் நின்றேன். அவன் கத்தவில்லை. இளைத்திருந்தான். அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"நான் பண்ணினது தப்புதான்ப்பா. படத்துல கை வெச்சுச் சொன்னதை மீறிட்டேன். சோறு தண்ணி இறங்கலை எனக்கு."

அப்பாவின் கை அவன் தலைக்குப் போயிற்று. வந்துவிட்டான், என் அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"அதான் போன வாரம் மெட்ராஸ்ல கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்" என்றான் அவன். "சாமியார்கிட்ட மண்டி போட்டு எல்லாத்தையும் சொன்னேன். அபராதமா அவரு குடுத்த ஜெபத்தையும் சொல்லி முடிச்சிட்டேன். மன்னிப்புக் கெடைச்சிடுச்சுப்பா. இப்பத்தான் மனசு லேசாச்சு."

அப்பாவின் கை அவன் தலையிலேயே நின்றது.

"எல்லாத்தையும்னா?" என்று நான் கேட்டேன். "இவங்களை இன்னும் வெளியில அனுப்பப் போறேன்கிறதையும் சொன்னியா?"

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னதைக் கேக்குறது பாவம். நீ புள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் குடுக்குறவ. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் அது செல்லாது என்பதும் தெரியும். பென்சில் திருடின பிள்ளைகளை நிற்க வைத்து அதைத்தான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அப்பா என்னைக் கவனிக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளிலும் ஊன்றி எழுந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றாள் அம்மா அடுப்படி வாசலிலிருந்து. "வக்கீல் என்ன சொன்னாரு? உக்காருங்க."

"இல்லடீ" என்றார் அப்பா. "எனக்குன்னு இருந்தது அந்த ஒரு கோர்ட்டுதான். அங்கேயே அவனை விட்டுட்டாங்க. இனிமே நான் இங்க உக்காந்திருந்தா, சாமி மன்னிச்சதை நான் மன்னிக்கலைன்னு ஆயிடும்."

அன்று பத்திரம் எழுதிய மரத்தடியில் கேட்ட அதே குரல். யாரும் சிரிக்கவில்லை. அம்மா முன்னறைக்கு வந்தாள். அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மன்னிக்கிறதுக்கு முன்னால எங்களை ஒரு வார்த்தை கேட்டாராடா உங்க சாமியாரு?"

அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார். அண்ணன்தான் ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றிக் கொடுத்தான். "நல்லதுதாம்ப்பா. குடி வர்றவங்க நம்ம ஆளுங்க இல்லை" என்றான். கண்ணாடி உடையாமல் இருக்க அவனே தன் துண்டைச் சுற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ரூமில் படத்தை மாட்ட இடம் இல்லை. அடுப்படிச் சுவரில் ஆணி அடித்தோம். அன்று சாயங்காலம் எல்லோரும் நெருக்கி மண்டி போட்டோம். அப்பா ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். பின்பாதி வரவில்லை. அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார். அந்த அமைதி தாங்காமல் பின்பாதியை நான் சொன்னேன். மறுநாளும் நானே சொன்னேன். அம்மா பூசைக்கு வருவாள், சாம்பார் வைப்பாள், பேரப்பிள்ளைகளோடு விளையாடுவாள், கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்தால் இலை போட்டுப் பரிமாறக்கூடச் செய்வாள். பின்பாதியை மட்டும் அதன் பிறகு சொல்லவே இல்லை.

வெகு காலம் கழித்துச் சட்டம் மாறியது. எந்த மதமானாலும் பெற்றவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போய்க் கேட்கலாம் என்று ஆனது. பேப்பரில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

அதற்கு முன்பே, அறுபதுகள் முடிவதற்குள், அப்பா போய்விட்டார். அவர் கட்டாத சுவருக்குள்தான் உயிர் பிரிந்தது. தந்தி கண்டு அண்ணன் வந்தபோது என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போயிருந்தார், மாமியாரும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள், ராத்திரி வந்துபோன அக்கம்பக்கத்தார் விடிந்து இன்னும் கூடவில்லை. அப்பாவைச் சுற்றி அம்மா, நான், அவன், மூன்று பேர்தான். காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அதுவும் பொய் இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூத்த பிள்ளை அல்லவா, அப்பாவின் ஜெபமாலையை எடுத்து முன்பாதியைச் சொல்லி நிறுத்தினான்.

அம்மா பேசாமல் இருந்தாள். அவன் என்னைப் பார்த்தான். இத்தனை வருஷம் சொன்ன வாய்தான் என்னுடையது, அன்று திறக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு பாதியையும் அவனே சொல்லி முடித்தான்.